உள்ளே வைக்கும் ஜெல்: லேபில் நிற்கிறது, உடம்பில் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

மருந்தாளன்
எல்லோருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு, ஃபார்மசூட்டிக்ஸ். யோனிக்குள் வைத்தால் அங்கேயே தங்கி மெதுவாக மருந்தை விடும் ஜெல்தான் என் தீசிஸ். மருந்து, பூஞ்சைத் தொற்றுக்கான க்ளோட்ரிமசோல். போலாக்ஸமர் 407 என்ற பாலிமர் 18% போட்டிருக்கிறேன். குளிரில் தண்ணீர் மாதிரி இருக்கும், உடம்புச் சூட்டில் இறுகும். டிசம்பரில் எல்லாம் அழகாக வந்தது. ஏப்ரலில் லேப் ஏ.சி. போய்விட்டது. அறை 35 டிகிரி. ஜெல் பாட்டிலுக்குள்ளேயே இறுகி உட்கார்ந்துகொண்டது, சிரிஞ்சில் இழுக்கவே முடியவில்லை. கைடு "ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இதில் இன்னொரு சந்தேகம். இந்த மாதிரி ஜெல் பற்றிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால் அதே பெசரி (உள்ளே வைக்கும் மாத்திரை), அதே கிரீம். அந்த ஜெல் எல்லாம் எங்கே போயிற்று?

பிசின்
தம்பி, உங்கள் கைடு சொன்னது பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன். பாலிமரில்தான் இருபது வருஷமாகப் பிழைப்பு.

நெய் குளிரில் உறையும், சூட்டில் உருகும். போலாக்ஸமர் அதற்கு நேர் எதிர். அதன் சங்கிலியில் நடுத்துண்டுக்குத் தண்ணீர் பிடிக்காது, இரண்டு ஓரங்களுக்கும் பிடிக்கும். குளிரில் நடுத்துண்டும் எப்படியோ தண்ணீரோடு ஒத்துப்போகும். சூடு ஏற ஏற அது தண்ணீரை உதறிவிட்டுத் தன் கூட்டத்தோடு சேர்ந்து உருண்டையாகும். அந்த உருண்டைகள் நெருக்கியடித்து அடுக்கிக்கொண்டால் ஜெல். 18 சதவீதத்தில் இது 25 டிகிரியைத் தாண்டியதுமே நடக்கத் தொடங்கிவிடும். 20 டிகிரி அறை இருக்கும் ஊர்க்காரனுக்கு அது போதும், அறையிலிருந்து உடம்புக்கு 17 டிகிரி இடைவெளி இருக்கிறது. நம் ஊர் மே மாதத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று டிகிரிதான்.

போலாக்ஸமர் 188 கொஞ்சம் சேர்த்தால் இறுகும் சூடு மேலே போகும். ஆனால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் கலந்து ஜெல் நீர்த்தால் இறுகும் சூடு இன்னும் ஏறும். பீக்கரில் 35இல் இறுகியது, உள்ளே போனதும் 38 ஆகிவிட்டால்? இறுகவே இறுகாது, வழிந்து வெளியே வந்துவிடும். 3 மி.லி. ஜெல்லுக்கு 0.75 மி.லி. செயற்கை யோனித் திரவம் கலந்து, அதற்கு அப்புறம் அளந்து பார்த்தீர்களா? நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. சுத்தமான ஜெல்லை அளந்து கிராஃப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மருந்தாளன்
இல்லை சார். கலந்து பார்க்கவில்லை. 🙈

லேபர்வார்டு அக்கா
ஜெல் எங்க போச்சுன்னு கேக்குறியா தம்பி? எங்க வார்டுக்கு வா. தினம் வைக்கிறோம். நாள் தாண்டியும் வலி வரலன்னா, கருப்பை வாய் இளகலன்னா, டைனோப்ரோஸ்டோன் ஜெல்தான். 3 கிராம் சிரிஞ்சு, அதுல மருந்து வெறும் 0.5 மி.கி. ஃப்ரிட்ஜுலேருந்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் டாக்டர் கருப்பை வாய்க்குள்ள வைப்பாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் எந்திரிக்காம படுத்திருக்கணும், இல்லன்னா வழிஞ்சு வந்துரும். 6 மணி நேரம் கழிச்சுப் பாத்து, தேவைன்னா இன்னொண்ணு. ஒரு நாளைக்கு மூணுக்கு மேல கிடையாது.

"புள்ளத்தாச்சிக்கு ஜெல் வச்சாங்க"ன்னு ஊர்ல பாட்டிங்களுக்குக்கூடத் தெரியும். நீ என்னடான்னா ஜெல் எங்கன்னு கேக்குற.

லேபர்வார்டு அக்கா
இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். ஜெல்லுல எனக்குப் பிடிக்காத விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். வச்சா வச்சதுதான். சிலருக்குக் கருப்பை ஓயாம இறுக ஆரம்பிச்சுரும், பாப்பா ஹார்ட் பீட் இறங்கும். அந்த நேரத்துல உள்ள போன ஜெல்ல எப்படி எடுக்குறது? பட்டையா, வால் மாதிரி நாடா வச்சு ஒண்ணு வருதே, அதுன்னா ஒரே இழுப்பு, வெளிய வந்துரும். விலைதான் தாங்காது.

பிசின்
அக்கா சொல்லும் அந்தப் பட்டைதான் இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சரக்கு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் இருக்கும் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் உருவான ஹைட்ரோஜெல். பாலி எத்திலீன் ஆக்ஸைடு சங்கிலிகளை யூரித்தேன் பிணைப்பால் வலையாகப் பின்னியிருப்பார்கள். காய்ந்த நிலையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு மாதிரி இருக்கும்.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்குச் சுலபமாகப் புரியும். ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின் ஊற வைக்கிறோம் அல்லவா? கல் மாதிரி இருந்தது ராத்திரியில் தண்ணீரை இழுத்துப் பலமடங்கு உப்பும், கரைந்து போகாது. இந்தப் பட்டையும் உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்து மெதுவாக உப்பும். உப்பிய வலை வழியே மருந்து கசியும். 10 மி.கி. உள்ளே வைத்து, மணிக்குச் சுமார் 0.3 மி.கி. வீதம் 12 மணி நேரம். மருந்து கசிந்தாலும் வலை அப்படியே இருக்கும், நாடாவைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். ஆனால் ஃப்ரிட்ஜ் போதாது, ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

மருந்தாளன், உங்கள் ஜெல் வலை இல்லை. அது வெறும் நெரிசல். பஸ்ஸில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்பது மாதிரி. தண்ணீர் வந்தால் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விடுவார்கள். மெதுவாக விடும் மருந்துக்குப் போலாக்ஸமர் மட்டும் போட்டால் நிற்காததற்குக் காரணம் அதுதான். கூட சாந்தன் பிசினோ, கார்போபோலோ, கைட்டோசானோ மாதிரி இன்னொரு பாலிமர் வேண்டும்.

ஒட்டடை
இத்தனை எதற்கு? 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைத்தால் முடிந்தது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், விலை சில ரூபாய்தான்.

லேபர்வார்டு அக்கா
அதையும் வைக்கிறோம் சார். அதுவும் வச்சா எடுக்க முடியாது, கரைஞ்சுரும். முன்னாடி சிசேரியன் ஆனவங்களுக்குத் தொடவே மாட்டோம். சும்மா "முடிந்தது"ன்னு எழுதாதீங்க.

காத்திருப்பவள்
இந்த இழையில் எழுதலாமா என்று தெரியவில்லை. ஐ.வி.எஃப்.பில் எம்ப்ரியோ டிரான்ஸ்ஃபர் ஆகி 9 நாள். தினமும் காலையில் 8% புரோஜெஸ்டிரோன் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்) ஜெல் வைக்கிறேன். முந்தாநாள் பாத்ரூமில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக வந்தது. கொஞ்சம் பழுப்பு நிறம்கூட இருந்தது. என்னவோ கழன்று வந்துவிட்டது என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிளினிக்கில் ஃபோன் எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எடுத்தவர் "அது ஜெல்லும்மா" என்று சிரித்தார். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டாக்டர் பேறு
சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பக்கத்துத் தவறு. இந்த ஒரு கேள்விக்காக ராத்திரி பத்து மணிக்கு எனக்கும் ஃபோன் வரும்.

அந்தக் கட்டி பாலிகார்போஃபில் என்ற பாலிமர். அது தண்ணீரில் உப்புமே தவிர கரையாது. உள்சுவரின் செல்களிலும் அங்கே இருக்கும் மியூசின் என்ற சளிப் புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும், மருந்தை மெல்ல விடும். ஒட்டிய செல்கள் தாமாகவே உதிரும்போது, மூன்று நான்கு நாளில், அதுவும் சேர்ந்து உதிரும். தினமும் புதிதாக வைப்பதால் பழையது சேர்ந்து கட்டியாக வருகிறது. விரலை விட்டு எடுக்க வேண்டாம். சிவப்பாக ரத்தமோ, துர்நாற்றமோ, அரிப்போ இருந்தால் உங்கள் கிளினிக்கில் நேரில் காட்டுங்கள்.

இங்கே படிக்கும் மற்றவர்களுக்காக: ஊசியாகப் போட்டால் புரோஜெஸ்டிரோன் ரத்தத்தில் நிறைய ஏறும். உள்ளே வைத்தால் ரத்தத்தில் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கருப்பையின் உள்படலத்தில் எடுத்துப் பார்த்தால் ஊசியைவிட அதிகம் இருக்கும். 1990களிலேயே அளந்திருக்கிறார்கள். யோனியிலிருந்து கருப்பைக்கு நேராகப் போகும் குறுக்குப் பாதை மாதிரி. "ரத்தத்தில் அளவு குறைவாக இருக்கிறதே" என்று ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பதறுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இடுப்பில் எண்ணெய் ஊசி போட்டு வீங்கிப்போனவர்களைக் கேளுங்கள், இந்த ஜெல் கட்டி எவ்வளவோ தேவலை என்பார்கள்.

காத்திருப்பவள்
நன்றி டாக்டர். ரொம்ப நன்றி.

டாக்டர் பேறு
மருந்தாளன், உங்களுக்கு ஒரு கேள்வி. க்ளோட்ரிமசோல் எதற்கு எடுத்தீர்கள்? 500 மி.கி. பெசரி ஒரே ஒரு முறை வைத்தாலே மூன்று நாள் வரை அங்கே பூஞ்சையை அடக்கும் அளவு இருக்கும். அது தண்ணீரில் கரையாத மருந்து, தானாகவே மெதுவாகத்தான் வரும். உங்கள் ஜெல் அதற்கு என்ன புதிதாகச் செய்யப் போகிறது?

பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் சமநிலை கெடும் நோயை எடுத்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். மெட்ரோனிடசோல் 0.75% ஜெல் ஐந்து நாள் வைக்கச் சொல்கிறோம். ஒரு தடவைக்கு 5 கிராம், அதில் மருந்து 37.5 மி.கி. ரத்தத்தில் ஏறுவது 500 மி.கி. மாத்திரை விழுங்கியதில் சுமார் 2 சதவீதம்தான், வாய்க்கசப்பு, குமட்டல் எல்லாம் குறைவு. ஆனால் மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். முழுசாக எடுத்தவர்களிலும் பாதிக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்து நிற்பார்கள். அங்கே ஒரு முறை வைத்தால் போதும் என்கிற ஜெல்லுக்கு அர்த்தம் உண்டு. அமெரிக்காவில் 2021 டிசம்பரில் அனுமதி வாங்கிய கிளிண்டமைசின் 2% ஜெல் அப்படித்தான், ஒரே டோஸ். அதில் இருப்பது உங்கள் போலாக்ஸமர் 407, கூடவே பிசின் சொன்ன சாந்தன்.

மருந்தாளன்
டாக்டர், உண்மையைச் சொன்னால், மருந்தை நான் எடுக்கவில்லை. ஸ்டோரில் க்ளோட்ரிமசோல் பவுடர் இருந்தது. தலைப்பு யூனிவர்சிட்டியில் பதிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

ஒட்டடை
😂😂 இந்தியாவின் பாதி தீசிஸ் ஸ்டோரில் இருந்த பவுடரால் எழுதப்பட்டவை.

சளிப்படலம்
ஒட்டும் ஜெல், ஒட்டும் ஜெல் என்று எல்லோரும் பாடுகிறீர்கள். எதில் ஒட்டுகிறது? உள்சுவரின் மேல் இருக்கும் சளியில். அந்தச் சளி நின்ற இடத்தில் நிற்பதில்லை, ஓயாமல் வழிந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஓடும் ஆற்றில் மிதக்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு "நான் ஊன்றி நிற்கிறேன்" என்பது போலத்தான்.

2007இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஹேன்ஸ் குழு வேறு வழியில் போனது. நுண்துகளின் மேல் பாலி எத்திலீன் கிளைக்காலை நெருக்கமாகப் பூசினார்கள். சளியின் வலை அதைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறது. 200, 500 நானோமீட்டர் துகள்கள், தண்ணீரில் போவதைவிட சில மடங்கு மட்டுமே மெதுவாகச் சளிக்குள் நுழைந்து போயின. அதுவரை அவ்வளவு பெரியது போகாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம். ஒட்டாமல் நுழைந்து, அடியில் இருக்கும் மெதுவாக நகரும் சளியை எட்டிவிட்டால், அதிக நேரம் தங்கும்.

பிசின்
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கடையில் கிடைப்பது எது? பாலிகார்போஃபில், கார்போமர். துகள் எலியில் நன்றாகத்தான் ஓடும்.

சளிப்படலம்
எலியின் யோனி பி.ஹெச். (அமிலத்தன்மையின் அளவு) நடுநிலைக்குப் பக்கம். மனுஷிக்கு 3.5 முதல் 4.5, அமிலம் சுரக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா புண்ணியத்தில். எலியில் நின்ற உங்கள் கார்போமரும் இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் எலியை இரண்டு பேரும் விட்டுவிடுவோம்.

களப்பணி
ஜெல் எங்கே போயிற்று என்ற முதல் கேள்விக்கு ஒரு பெரிய பதில் யாரும் தொடாமலே கிடக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு ஜெல்கள். கணவனோ துணைவனோ ஆணுறை போட மறுத்தாலும், பெண் தானே, அவனுக்குச் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்ற கனவு அது. அந்தக் கனவில் சென்னைக்கும் பங்கு உண்டு.

செல்லுலோஸ் சல்ஃபேட் ஜெல் சோதனை பெனின், உகாண்டா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று நடந்தது. இந்தியாவில் சென்னையும் கர்நாடகத்தின் பாகல்கோட்டையும். 2007 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். 1,398 பெண்களில், மருந்து ஜெல் வைத்தவர்களில் 25 பேருக்கும் வெறும் ஜெல் வைத்தவர்களில் 16 பேருக்கும் தொற்று. தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம்தான், ஆனாலும் எந்த மனசாட்சியோடு தொடர்வது? அதற்கு முன்னால் நானாக்ஸினால்-9 ஜெல் இன்னும் மோசம். விந்தணுவைக் கொல்கிற சோப்பு, உள்சுவரையும் அரித்துத் தொற்றைக் கூட்டிவிட்டது.

பிறகு 2010இல் டர்பனிலிருந்து நல்ல செய்தி வந்தது. குவாரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் நடத்திய கேப்ரிசா 004 சோதனை. 889 பெண்கள், எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிர் 1% ஜெல். உறவுக்கு முன் 12 மணி நேரத்துக்குள் ஒன்று, பின் 12 மணி நேரத்துக்குள் ஒன்று. தொற்று 39% குறைந்தது. ஒழுங்காக வைத்தவர்களில் 54%. வியன்னா மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அப்புறம் வாய்ஸ் சோதனை. 5,029 பெண்கள், அதில் ஒரு பகுதியினருக்குத் தினமும் ஜெல். பலன் இல்லை. ஃபேக்ட்ஸ் 001, 2,059 பெண்கள், 2015இல் முடிவு. மருந்து ஜெல்லுக்கும் வெறும் ஜெல்லுக்கும் வித்தியாசமே இல்லை. கதை முடிந்தது.

ஒட்டடை
ஆக, ஜெல் தோற்றுவிட்டது.

களப்பணி
வைத்தால்தானே ஜெயிப்பதற்கு? வாய்ஸில் கேட்டபோது 90% தடவை வைத்தோம் என்றார்கள். ரத்தத்தைப் பார்த்தால் ஜெல் பிரிவில் கால்வாசி மாதிரியில்தான் மருந்தே தென்பட்டது. உடனே "பொய் சொல்லிவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். நான் இங்கே வேறொரு ஆய்வில் வீடுவீடாகப் போயிருக்கிறேன். ஒற்றை அறை வீடு, மாமியார் பக்கத்தில். அப்ளிகேட்டரை (ஜெல்லை உள்ளே செலுத்தும் குழலை) எங்கே ஒளிப்பது? வைத்தபின் வழிந்தால் புடவையில் தெரியும். கணவன் "என்ன இது ஈரம்" என்பான். துணையோடு சண்டை, எச்.ஐ.வி. இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பேச்சு. மருந்து வாங்க வந்தால் பஸ் காசும் மருத்துவப் பரிசோதனையும் கிடைக்கிறது, அதனால் வருவார்கள். வீட்டில் வைப்பது வேறு விஷயம்.

சளிப்படலம்
வைத்தவர்களிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. கேப்ரிசா 004 மாதிரிகளைத் திரும்ப ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் மிகுந்த பெண்களில் 61% பாதுகாப்பு, கார்ட்னெரெல்லா போன்றவை மிகுந்தவர்களில் 18% மட்டும். அந்த பாக்டீரியா டெனோஃபோவிரையே தின்றுவிடுகிறது. ஜெல் நின்றதா, மருந்து வெளியே வந்ததா என்று மட்டும் பார்க்கும் நம் லேப் சோதனையில் இது வரவே வராது.

பிசின்
இன்னொரு குற்றவாளி கிளிசரின். அந்த டெனோஃபோவிர் ஜெல்லில் 20%. ஆஸ்மோலாலிட்டி (கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு) 3,000க்கு மேல். ரத்தத்துக்குச் சுமார் 290. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதல்லவா, அதே கதைதான் உள்சுவரின் செல்களுக்கும். கடையில் விற்கும் வழவழப்பு ஜெல் பலவற்றுக்கும் இதே கோளாறு. உலக சுகாதார அமைப்பு 2012இல் குறிப்பே வெளியிட்டது: 380க்குள் இருப்பது நல்லது, முடியாவிட்டால் 1,200ஐத் தாண்டக் கூடாது, பி.ஹெச். 4.5 அளவில். ஆசனவாய்க்காக மாற்றிச் செய்தபோது டெனோஃபோவிர் ஜெல்லின் கிளிசரினை 5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

மருந்தாளன், உங்கள் ஃபார்முலாவில் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ எவ்வளவு?

மருந்தாளன்
க்ளோட்ரிமசோல் கரையவில்லை என்று புரோப்பிலீன் கிளைக்கால் 15% போட்டேன் சார். ஆஸ்மோலாலிட்டி அளக்கவே இல்லை.

தாமரை_மொட்டு
இவ்வளவு கெமிக்கல் எதுக்கு? வீட்டுக் கற்றாழையைச் சீவி உள்ளே வைத்தால் வெள்ளைப்படுதல் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே. அதுவும் ஜெல்தானே?

டாக்டர் பேறு
வேண்டாம் அம்மா. தோட்டத்து மண்ணும் கிருமியும் கூடவே போகும். வெள்ளைப்படுதல் எல்லாம் ஒன்றல்ல. தயிர் மாதிரி இருந்தால் ஒன்று, மீன் வாடை இருந்தால் வேறொன்று, சிலருக்கு எந்த நோயும் இல்லாமல் இயல்பாகவே இருக்கும். மாதவிடாய் நின்றபிறகு புதிதாக வந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். பார்க்காமல் எதையும் வைக்காதீர்கள்.

மட்டுறுத்துநர்
வீட்டு வைத்தியத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதன்பின் வந்த 11 பதிவுகள் அங்கே நகர்த்தப்பட்டன.

களப்பணி
விட்ட இடத்திலிருந்து. ஜெல் விட்ட இடத்தைச் சிலிகோன் வளையம் பிடித்தது. எச்.ஐ.வி. மருந்தான டாபிவிரின் 25 மி.கி., ஒரு மாதம் உள்ளேயே இருக்கும். 2016இல் வந்த இரண்டு சோதனைகளில் தொற்று 27%, 31% குறைந்தது. 2021 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, லெனகாபவிர். 2024இல் வந்த சோதனையில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம், வழியாது, ஒளிக்க வேண்டாம்.

லேபர்வார்டு அக்கா
ஊசி வந்தா வரட்டும். புள்ளத்தாச்சிக்குக் கருப்பை வாய் இளக ஊசி போட முடியாது, அங்கயேதான் வைக்கிறோம். மாதவிடாய் நின்னு உள்ள காய்ஞ்சு எரியுதுன்னு வர்ற அம்மாக்களுக்கு ஈஸ்ட்ரியால் ஹார்மோன் கிரீம்தான் எழுதுறாங்க, அதுவும் அங்கயேதான். என் மாமியாருக்கே எழுதிக் குடுத்தாங்க. ட்யூப் வாங்கி ஒரு வருஷமா அப்படியே பீரோல கெடந்துச்சு. ஏன்னு கேட்டா, அந்த அப்ளிகேட்டர எப்படித் திருகுறதுன்னு தெரியல, மகன்கிட்ட கேக்கவா முடியும்னாங்க. தம்பி, உன் தீசிஸ்ல அப்ளிகேட்டர் பத்தி எத்தன பக்கம்?

மருந்தாளன்
ஒரு வரி அக்கா. "தகுந்த அப்ளிகேட்டர் மூலம் செலுத்தப்படும்."

மருந்தாளன்
(12 நாள் கழித்து) அப்டேட். புரோப்பிலீன் கிளைக்காலை 5 சதவீதமாகக் குறைத்தேன். க்ளோட்ரிமசோல் கரையவில்லை, பரவாயில்லை என்று பொடியாக அரைத்துத் தொங்கலாகவே விட்டுவிட்டேன். டாக்டர் சொன்னது மாதிரி அது தானாகவே மெதுவாகத்தான் வருகிறது. போலாக்ஸமர் 188 சேர்த்து, சாந்தனும் போட்டதில் சுத்தமான ஜெல் 34இல் இறுகியது. செயற்கைத் திரவம் கலந்தபின் 36.5. லேப் நேற்று 33.8. ஏ.சி. இன்னும் வரவில்லை. கைடு பார்த்துவிட்டு "இது என்ன ஜெல்லா, லாட்டரியா" என்றார்.

பிசின்
36.5 நல்ல நம்பர். ஆனால் 0.75 மி.லி. எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவு இல்லை. 1.5 கலந்தும் பாருங்கள்.

மருந்தாளன்
பார்த்தேன் சார். 39. இறுகவே இல்லை. அதையும் தீசிஸில் போடலாமா?

பிசின்
முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

லேபர்வார்டு அக்கா
அப்ளிகேட்டர் என்னாச்சு?

மருந்தாளன்
மூணு மாடல் வாங்கியிருக்கேன் அக்கா. அடுத்த வாரம் அம்மா ஊர்லேருந்து வர்றாங்க. யார் உதவியும் இல்லாம அவங்களால பிரிச்சுத் திருக முடியுதான்னு பாக்கப் போறேன். எதுக்குன்னு சொல்றதுக்குத்தான் இன்னும் தைரியம் வரல.